பேசும் சிங்கமும் விசுவாசமும்

மனிதரைப் போலப் பேசி நடக்கும் விலங்குக் கதாபாத்திரங்களின் ரசிகர்களுக்கென்றே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2006 முதல் ‘ஆந்த்ரோகான்’ மாநாடு நடந்துவருகிறது. இந்த ரசிகர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதன் நரியாகவும் ஓநாயாகவும் வேடமிட்டு மகிழலாமா என்ற கேள்வி அவர்களை உறுத்துகிறது. தாராளமாக மகிழலாம் என்பேன். வேதாகமத்திலேயே, எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தில் பிலேயாம் என்பவனின் கழுதை வாய்திறந்து பேசுகிறது. அவன் கண்ணுக்குப் படாத தேவதூதனை அதுதான் முதலில் காண்கிறது. வெளிப்படுத்தின விசேஷமோ கிறிஸ்துவையே யூதா கோத்திரத்துச் சிங்கமாகவும் ஆட்டுக்குட்டியாகவும் காட்டுகிறது. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸும் சிறுவயதில் உடையணிந்த விலங்குகளின் நாடொன்றைக் கற்பனை செய்து கதைகள் எழுதினார். வளர்ந்ததும் நாத்திகரானார், 1931-இல் கிறிஸ்துவிடம் திரும்பினார். அப்போதும் அந்தப் பால்யப் பிரியத்தைப் பாவமென்று உதறிவிடவில்லை. 1950-இல் வெளிவந்த, ‘நார்னியா’ என்ற தம் கதைவரிசையின் முதல் நாவலில், பிறன் குற்றத்துக்காக உயிர்கொடுத்து மீண்டெழும் அஸ்லான் என்ற சிங்கத்தைப் படைத்தார். பேசும் விலங்கின் வழியாகவே எத்தனையோ பிள்ளைகள் சிலுவையின் பொருளை உணர்ந்தார்கள். எல்லை ஒன்று உண்டு: எந்த ரசனையும் ஜெபத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது, உடலின் தூய்மையைக் கெடுக்கக் கூடாது, அயலானை மறக்கச் செய்யக் கூடாது. கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் இதே அளவுகோல்தான். ஆகவே, தன் நரி ஓவியத்தைப் போதகரிடமிருந்து மறைத்துவைக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான்: நரியைப் படைத்தவரும் உன் கற்பனையைப் படைத்தவரும் ஒருவரே. இரண்டையும் நன்றியோடு அவரிடமே கொண்டு போ.