சாக்கடை விடுபவரே சான்றிதழும் தருவாராம்

நியூசிலாந்தின் வட்டாரக் கவுன்சில்களை இழுத்து மூடச் சொல்லி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எரிச்சலில் பாதியில் வைத்துவிட்டேன். இரண்டாம் முறை, உருப்படியாக ஓர் எண்ணாவது இருக்கிறதா என்று தேடினேன். வீட்டு வரி மிச்சமாகும் என்கிறார். எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டால் அதற்குக் கணக்கு இல்லை.

அவர் வாதம் இதுதான்: ஆறு, காற்று, மண் இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு சபை வீண்செலவு. அந்தந்த ஊர் மேயர்கள் கூடிப் பேசினால் போதும். 2025 நவம்பரில் நியூசிலாந்து அரசு முன்வைத்த யோசனையும் ஏறக்குறைய இதேதான். வட்டார கவுன்சிலர் பதவிகளை எடுத்துவிட்டு மேயர்கள் அடங்கிய வாரியத்தை உட்கார வைப்பது. அரசாவது கருத்துக் கேட்டது. நம்மவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

ஆற்றுக்குள் தட்டை முக்கி வேடிக்கை பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளமா என்று கிண்டல் வேறு. அந்தத் தட்டை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஓர் ஓடை. இடுப்பு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிய ஒரு பெண், நீருக்குள் ஒரு கம்பியில் கறுப்புத் தட்டைப் பொருத்தினாள். கண்ணாடி வைத்த ஒரு பெட்டியை நீரில் அமிழ்த்தி, அதன் வழியே தட்டைப் பார்த்தபடி அளவு நாடாவோடு பின்னாலேயே நடந்தாள். தட்டு கண்ணுக்கு மறைந்த இடத்தில் ஒரு அளவு. திரும்ப முன்னால் வந்து, அது மறுபடி தெரிந்த இடத்தில் இன்னொரு அளவு. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் தண்ணீரின் தெளிவு. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் 1.6 மீட்டராவது தெரிய வேண்டும் என்பது நியூசிலாந்து வழிகாட்டுதல். அன்றைக்கு ஒரு மீட்டர்கூடத் தேறவில்லை. அப்புறம் புட்டியின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிரப்பி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். ஆய்வகத்தில் ஈ.கோலை எண்ணுவதற்கு. 100 மில்லி லிட்டரில் 260ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 550ஐத் தாண்டினால் இறங்காதே என்று பலகை.

ஒருநாள் அளவால் ஒன்றும் தெரியாதுதான். அதே இடத்தில், மாதம் தவறாமல், பத்து இருபது வருடம் அளந்தால்தான் ஆறு தேறுகிறதா கெடுகிறதா என்று சொல்ல முடியும். 'லாவா' என்ற பொதுத் தளத்தில் இந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கட்டுரை இவ்வளவு தைரியமாக வந்திருக்காது.

அடுத்து, தன் துருப்புச்சீட்டாக ஹேவ்லாக் நார்த் ஊரின் குடிநீர் விவகாரத்தை இறக்குகிறார். இறக்கியிருக்கவே கூடாது. 2016 ஆகஸ்டில் பெருமழை. ஆட்டுச் சாணம் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு குளத்துக்கு அடித்துக்கொண்டு போனது. குளத்துக்கும் ஊருக்குக் குடிநீர் எடுத்த ஆழ்துளைக் கிணற்றுக்கும் நிலத்தடியில் தொடர்பு இருந்தது. அந்தத் தண்ணீரில் குளோரின் கலப்பதில்லை. சுமார் 14,000 பேர் இருந்த ஊரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். நான்கு மரணங்களை அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். விசாரணைக் குழு ஹாக்ஸ் பே வட்டாரக் கவுன்சில் கடமை தவறியது என்று சொன்னது உண்மை. கட்டுரையாளர் அந்த இடத்தில் மேற்கோளை நிறுத்திக்கொள்கிறார். கிணற்றை வைத்துத் தண்ணீரை இறைத்து வீடுவீடாக விட்டது யார்? ஹேஸ்டிங்ஸ் மாவட்ட கவுன்சில். மேயர் தலைமையில் நடப்பது. அதே விசாரணைக் குழு அதையும் சேர்த்துத்தான் குட்டியது. தண்ணீர் எடுக்க அனுமதி கொடுத்த வட்டாரக் கவுன்சில் ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை, அனுமதி வாங்கியவர் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, இனி இரண்டையும் ஒரே கையில் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் முடிவுக்கு வருகிறார் என்றால், காவலாளி தூங்கினான் என்பதற்காகத் திருடனிடமே சாவியைக் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஊர்க் கழிவுநீரை ஆற்றில் விட வட்டாரக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டு வரிசையில் நிற்பவர்களில் நகர, மாவட்ட கவுன்சில்களும் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பித்தால் வரி ஏறும், வரி ஏறினால் அடுத்த தேர்தலில் மேயர் வீட்டுக்குப் போவார். இன்று அவருக்கு எதிர் நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். நாளை இரண்டு நாற்காலியிலும் அவரே. ஊழியர்கள் அப்படியே இருக்கத்தானே போகிறார்கள் என்று ஒரு சமாதானம் உண்டு. இருப்பார்கள். எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை இடத்தில் தண்ணீர் எடுப்பார்கள் என்பதை பட்ஜெட் போடுகிறவர்தான் தீர்மானிப்பார்.

விறகடுப்புக்கும் விதியா என்ற கட்டுரையாளரின் நகைச்சுவையை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. காற்று அசையாத குளிர்கால இரவில் கிறைஸ்ட்சர்ச்சின் மேல் புகை மூடிபோல உட்கார்ந்துவிடும். 24 மணி நேர சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் நுண்துகள்தான் வரம்பு. ஆஸ்துமாக்காரர் வீட்டில் ஒரு ஜூலை மாதம் தங்கிப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கட்டும்.

சரி, இந்தக் கவுன்சில்கள் யோக்கியமா? கண்டிக்க வேண்டியது மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை என்பதுதான் வேடிக்கை. 1991இன் வள மேலாண்மைச் சட்டம் 35 ஆண்டு வரைக்கும் அனுமதி கொடுக்க இடம் தந்தது. ஒரு தலைமுறைக்கு ஆற்றை எழுதிக் கொடுத்ததுபோல. விதிமீறிக் கழிவை ஓடையில் விட்டால் அங்கேயே எழுதிக் கொடுக்கும் அபராதச் சீட்டு பல ஆண்டுகள் வெறும் 750 டாலர். நூற்றுக்கணக்கில் மாடு கறக்கும் பண்ணைக்கு அது டீசல் செலவு. மனவாட்டு ஆற்றுப் பகுதியைப் பார்க்கும் ஹொரைசன்ஸ் கவுன்சில் தன் திட்டத்தைத் தானே மதிக்காமல் பால் பண்ணைகளுக்கு அனுமதி வழங்கியதை 2017இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. இவர்கள் குற்றம் கெடுபிடி என்று அவர் எழுதுகிறார். எனக்குத் தெரிந்து இவர்கள் குற்றம் கூச்சம்.

தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் இல்லாவிட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று கடைசியில் ஒரு அடி அடிக்கிறார். அதைப் பரிசோதித்தாயிற்று ஐயா. கேன்டர்பரியில் 2010இல் மத்திய அரசு கவுன்சிலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆணையர்களை நியமித்தது. முழுத் தேர்தல் திரும்பி வந்தது 2019இல். பாசனமும் பால் பண்ணையும் வேகமாகத்தான் நடந்தன. அங்கே மண் மெல்லியது, அடியில் கூழாங்கல். மாடு சிறுநீர் கழித்த ஓரிடத்தில் விழும் நைட்ரஜனைப் புல்லால் உறிஞ்சி முடிக்க முடியாது. மிச்சம் நைட்ரேட்டாகி மழையோடும் பாசனத்தோடும் கீழே இறங்குகிறது. கிணற்றுக்கு வர வருடங்கள் ஆகும். அதனால் எல்லாப் பழியையும் ஆணையர்கள் தலையில் கட்ட மாட்டேன், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் 2025 செப்டம்பரில் நைட்ரேட் அவசரநிலை என்று வாய்திறந்து சொன்னது தேர்தலில் வந்த கவுன்சில். அதை நாடகம் என்கிறார் கட்டுரையாளர். குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணற்று வீட்டில், கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க எந்தத் தண்ணீரை எடுப்பது என்று நிற்கும் தாயிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மேயர்களின் ஊர் எல்லையில் ஆறு நின்றுவிடுவதில்லை. 1989இல் இந்த வட்டாரங்களுக்கு எல்லை போட்டபோது, மழைநீர் எந்த ஆற்றுக்கு இறங்குகிறதோ அதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கோடு போட்டார்கள். வைகாட்டோ ஆற்றின் நீளம் 425 கிலோமீட்டர்; டௌப்போ ஏரியிலிருந்து வெளியேறிக் கடல் வரை போகிறது. வழியில் ஹாமில்டன் நகரம் தன் கழிவுநீரைப் புக்கேட்டே நிலையத்தில் சுத்திகரித்து அதே ஆற்றில்தான் விடுகிறது. அதற்கும் கீழே டுவாக்காவ் அருகே ஒரு குழாய் அந்த ஆற்றிலிருந்து நீர் எடுத்து ஆக்லாந்துக்குக் குடிக்க அனுப்புகிறது. கட்டுரையாளர் தன் பெயருக்குக் கீழே ஊரைக் குறிப்பிட்டிருந்தார். ஆக்லாந்து.