ஓட்டையை அடைக்கட்டும், வாசலை மாற்ற வேண்டாம்

பெங்களூரில் சிவாஜி நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு, விசிட்டிங் கார்டு தயாரித்துக் கொடுக்கும் சிறு கடைகள் ஏராளம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓர் ஆள், கடை அவ்வளவுதான். வைகாசியிலும் ஆவணியிலும் அந்த ஆளுக்குச் சாப்பிட நேரமிராது. அப்படிப்பட்டவர் காலையில் கடையைத் திறந்து, கம்ப்யூட்டரை முடுக்கி, நேற்று மாலை வரை ஓரிடத்தில் இருந்த பொத்தான் இன்று அங்கே இல்லை என்று கண்டால் அவர் பாடு என்ன? மாப்பிள்ளை வீட்டார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொத்தானைத் தேடுகிறவரை அவர்கள் தொழில் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

"புதிய பதிப்பு வந்திருக்கிறது, அதுதான் காரணம்" என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது காரணமாக இருக்கலாம், சமாதானம் ஆகாது.

இலவச மென்பொருள்களை, அதாவது எழுதப்பட்ட நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களை, உபயோகிப்பவர்கள் பெருகி வருகிறார்கள். விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. புதிய கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு லினக்ஸ், லிபரே ஆபீஸ், ஜிம்ப் போன்றவை நல்ல புகலிடம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புகுந்த வீட்டில் வாசற்படி அடிக்கடி இடம் மாறினால் குடியிருப்பது எப்படி?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்த மென்பொருள்களை எழுதுகிறவர்களில் பலர் சம்பளமின்றி, தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து உழைப்பவர்கள்தாம். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதே. ஆயினும் உபயோகிப்பவரும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கண் திரையில் இருக்க, கை தானாக விசையைத் தேடிப்போகும் பழக்கம் வர அவருக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கிறது. பணம் கொடுக்கவில்லை என்பதற்காக அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமல்ல.

ஜிம்ப் தந்த பாடம்

படங்களைத் திருத்த உதவும் ஜிம்ப், அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995-இல் எழுதத் தொடங்கியது. அதன் 2.8 பதிப்பு 2012 மே மாதம் வெளிவந்தது. தனித்தனி ஜன்னல்களாகச் சிதறிக் கிடந்ததை ஒரே ஜன்னலில் வைத்துக்கொள்ள அதில் வசதி செய்திருந்தார்கள். பலர் நெடுநாள் கேட்டிருந்தது அது. கூடவே யாரும் எதிர்பாராத இன்னொன்றும் வந்தது. அதுவரை ஒரு போட்டோவைத் திறந்து, சரிசெய்து, கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் அழுத்தினால் அதே போட்டோ ஜே.பி.ஜி. கோப்பாகவே பதிவாகும். 2.8-க்குப் பிறகு 'சேவ்' என்றால் ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எப். மட்டுமே. ஜே.பி.ஜி. வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' என்ற வேறு வழியில் போக வேண்டும்.

எழுதியவர்கள் கூறிய காரணம் சரியானதே. ஜே.பி.ஜி.யாகப் பதிவு செய்தால் படத்தின் அடுக்குகள் எல்லாம் ஒன்றாகி அழிந்துபோகும். மறுநாள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவருக்கு மாற்றித் தர இயலாது. அப்படி வேலையை இழந்தவர்கள் உண்டு. அதைத் தடுக்கவே ஏற்பாடு. ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது பாஸ்போர்ட் போட்டோவை வெட்டி ஒட்டுகிறவருக்கு அடுக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. அவருக்கு ஒவ்வொரு படத்துக்கும் கூடுதலாக ஒரு கேள்வி, ஒரு பதில். உலகெங்கும் ஆட்சேபம் எழுந்தது. பழைய வழியை விரும்புவோருக்கு விட்டுவைக்கும்படி கேட்டார்கள். எழுதியவர்கள் இணங்கவில்லை. கடைசியில் உபயோகிப்பவர்களே ஒரு துணைநிரல் எழுதி, பழைய முறையைத் தங்களுக்கு மீட்டுக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலும் எக்ஸ்போர்ட் எக்ஸ்போர்ட்டாகவே இருக்கிறது.

இதே ஜிம்ப்பில் 2018-இல் வந்த 2.10 பதிப்பு இன்னொரு மாற்றம் செய்தது. வண்ண வண்ணமாக இருந்த கருவிப் படங்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. எது தூரிகை, எது ரப்பர் என்று தெரியாமல் பலர் விழித்தனர். ஆனால் அமைப்புப் பக்கத்துக்குப் போய் வண்ணப் படங்களைத் தேர்ந்தெடுத்தால் பழைய தோற்றம் திரும்பிவிடும். அதனால் வழி தெரிந்தவர்களின் கோபம் அத்தோடு தீர்ந்தது. இரண்டுமே மாற்றங்கள்தாம். ஒன்றில் திரும்பிப் போக வழி இருந்தது, மற்றதில் இல்லை.

பெரியவர்களும் தப்பவில்லை

சாதாரண மக்கள் மட்டும் இதில் அவதிப்படவில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்குத் திரைத் தோற்றம் தரும் க்னோம், 2011 ஏப்ரலில் மூன்றாம் பதிப்பில் அடியோடு மாறியது. ஜன்னலைக் கீழே இறக்கும் பொத்தானைக் கூடக் காணோம். லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே பகிரங்கமாகக் கண்டித்து வேறு ஏற்பாட்டுக்குப் போனார். பிற்பாடு திரும்பி வந்தார் என்பது வேறு கதை. பழைய க்னோமை விட மனமில்லாதவர்கள் அதன் நிரலை எடுத்து 'மேட்' என்ற பெயரில் தனியே நடத்தத் தொடங்கினார்கள். நிரல் திறந்திருப்பதன் பலன் இதுதான். ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கே அந்தப் பலன் நேரடியாகக் கிட்டும். அல்சூர் கடைக்காரர் மேட் எழுத முடியுமா?

லிபரே ஆபீசைப் பாராட்ட வேண்டும். 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபீசிலிருந்து பிரிந்த மென்பொருள் இது. மைக்ரோசாப்ட் பாணியில் மேலே பட்டையாகப் பொத்தான்கள் வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டார்கள். 2019-க்குள் அதைப் பூரணமாகச் செய்து கொடுத்தார்கள். ஆனால் பழைய மெனுவை எடுக்கவில்லை. 2021-இல் வந்த 7.1 பதிப்பு முதன்முறை திறக்கும்போதே, எந்தத் தோற்றம் வேண்டும் என்று கேட்டது. கேட்டுவிட்டுச் செய்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

தமிழுக்கு வந்த நன்மை

இதைப் படித்து, புதிய பதிப்பே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளின் பழைய 1.4 பதிப்பில் யூனிகோட் தமிழை உள்ளிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும். 'கொ' என்று அடிக்க முடியாத மென்பொருளால் தமிழனுக்கு என்ன பிரயோஜனம்? 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் இந்திய, அரபு எழுத்துக்களை முறையாகக் கோக்கும் ஏற்பாடு சேர்ந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் 'ஜனயுகம்' மலையாள நாளிதழ் 2019-இல் ஸ்கிரைபஸ், ஜிம்ப் உள்ளிட்ட இலவச மென்பொருள்களுக்கே முழுமையாக மாறியது. சோதனை வரிசையில் இருந்த அந்த வசதிகள் 2024 தொடக்கத்தில் 1.6 என்ற நிலையான பதிப்பாக எல்லோருக்கும் வந்தன. பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு இது கிடைத்திராது.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1.6-இல் பதிவு செய்த கோப்பை 1.4 திறக்காது. கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் ஒன்றை மட்டும் மாற்றினால் மாட்டிக்கொள்வார். மாற்றுவதானால் இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், பழைய கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைத்த பிறகு.

ஆக, புதிய பதிப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. திருடன் நுழையக்கூடிய ஓட்டையை அடைப்பது ஒன்று. இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. வாசலையும் ஜன்னலையும் இடம் மாற்றுவது மற்றொன்று. இதற்கு அவசரமில்லை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதால்தான், வாசல் மாறுமே என்று பயந்து ஓட்டையையும் அடைக்காமல் விடுகிறார்கள். தண்டவாளத்தைப் பழுதுபார்க்கத் தினமும் ஆள் போகிறது. கால அட்டவணையை மாற்றுவதானால் முன்கூட்டி அறிவிக்கிறார்கள். ரயிலில் முடிவது கம்ப்யூட்டரில் ஏன் முடியாது?

முடிகிறது. பயர்பாக்ஸ் 2012 முதல் நீண்டகாலப் பதிப்பு ஒன்றைத் தனியே தருகிறது. சுமார் ஓராண்டுக்குத் தோற்றம் மாறாது, ஓட்டைகள் மட்டும் அடைபடும். லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் ஒரு பதிப்பை ஐந்தாண்டு வரை வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் இளைஞர்கள் இதைக் கடைக்காரரிடம் சொல்வதில்லை. ஆகப் புதியதை ஏற்றிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எழுதுகிறவர்களிடம் குறையைச் சொல்வதற்கும் வழி இருக்கிறது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். நம் கடைக்காரர்களின் கஷ்டம் அந்த ஏட்டில் ஏறுவதே இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தில் மாதம் ஒரு மாலை கூடி, ஆங்கிலம் தெரிந்த கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் இந்தக் குறைகளைக் கேட்டு எழுதி அனுப்பலாம். அந்த இளைஞர்களுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை.

அதுவரை கடைக்காரர்கள் செய்யக்கூடியது, ஓட்டை அடைக்கும் திருத்தங்களை வந்த அன்றே ஏற்றிக்கொண்டு, தோற்றம் மாறும் பெரிய பதிப்புகளை மட்டும் ஆடி மாதத்துக்கு ஒத்திவைப்பது. ஆடியில் கல்யாணம் இல்லை. பொத்தானைத் தேட ஒரு மாதம் கிடைக்கும்.