கூலி: ஆளா, பாக்கியா?

ஆங்கிலம், டச்சு, மலாய் எல்லாவற்றிலும் ‘கூலி’ உண்டு. துருக்கியின் ‘குல்’ (அடிமை), குஜராத்தின் கோலி சாதி என்று பண்டிதர்கள் வேர் தேடுகிறார்கள். அங்கெல்லாம் கூலி என்றால் ஆள். தமிழில் அது உழைப்புக்கு அளக்க வேண்டிய நெல், பணம். ஆளுக்குக் ‘கூலியாள்’னு தனிச்சொல் இருக்கு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போன நம்ம சனத்துக்கு வெள்ளைக்காரன் கூலின்னே பேரு வச்சான்.

ஊர் மிராசுதாரன் மட்டும் யோக்கியனா? கூலியை உயர்த்திக் கேட்டதுக்குத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் பெண்களும் பிள்ளைகளுமாக 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது.

தோழர்களே, எவனாவது நம்மைக் ‘கூலி’ன்னா, எவ்வளவு பாக்கின்னு கேளுங்க.