படத்தால் சொல்லும் பொய்ச்சாட்சி



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து பங்கு மனைக்குத் திரும்பியபோது, ஒரு தாய் தம் பத்து வயது மகனுடன் வாசலில் காத்திருந்தார். சிறுவன் கையில் ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்ததாம். கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டி, "சாமி, ஆப்பிரிக்காவிலே மனிதர்கள் நாய்ச் சிலைக்கு முன்னால் விழுந்து கும்பிடுவார்களா?" என்று கேட்டான். தாயோ, "இதைக் கொளுத்திவிடட்டுமா, சாமி?" என்றார்.

புத்தகத்தின் பெயர் 'காங்கோவில் டின்டின்'. அதன் வரலாறு கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டியது. ஏனெனில் அது பிறந்த இடம் நம் வீடுதான்.

பெல்ஜியம் நாட்டில் 1907-ஆம் ஆண்டு பிறந்த ஜார்ஜ் ரெமி என்பவர், எர்ஜே என்ற புனைபெயரில் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கத்தோலிக்க நாளேடு ஒன்றின் சிறுவர் பகுதியில் 1929 ஜனவரியில் டின்டின் கதையைத் தொடங்கினார். அந்த நாளேட்டின் ஆசிரியர் ஒரு குருவானவர், வாலேஸ் அடிகளார். காங்கோ அப்போது பெல்ஜியத்தின் குடியேற்ற நாடு. அதன்மேல் பெல்ஜியச் சிறுவர்க்குப் பற்று உண்டாகும்படி ஒரு கதை வேண்டும் என்று அவர் விரும்பினார். 1930-லும் 1931-லும் அது வாரந்தோறும் வெளிவந்தது.

எர்ஜே காங்கோவைக் கண்ணால் கண்டவரல்லர். தடித்த உதடுகளும் மழலைப் பேச்சுமாக அந்நாட்டு மக்களைக் குழந்தைகள்போல் வரைந்தார். அவர்களுடைய மந்திரவாதி வஞ்சகன். வெள்ளையர் மறைபரப்பாளரோ வல்லவர். மறைபரப்பாளர் நடத்தும் பள்ளியில் டின்டின் ஆசிரியராக நின்று, காங்கோ நாட்டுச் சிறுவர்க்கு, உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று பாடம் தொடங்குகிறான். 1946-இல் வண்ணப் பதிப்பு வந்தபோது அப்பாடம் கணக்குப் பாடமாக மாற்றப்பட்டது. படங்களின் ஏளனமோ மாறவில்லை. இரண்டாம் லியோபோல்டு மன்னரின் ஆட்சியில் ரப்பருக்காகக் காங்கோ மக்கள் கையையும் உயிரையும் இழந்த கொடுங்காலம் 1908-இல்தான் முடிந்தது. அதைப் பற்றி அக்கதையில் ஒரு கட்டமும் கிடையாது.

இதைப் படித்து நான் பிறரைக் குறைகூற எழுந்தேன், மனச்சாட்சி தடுத்தது. நான் இளங்குருவாயிருந்தபோது மறைபரப்பு ஞாயிறன்று ஒரு நாடகம் நடத்தினேன். நம் பங்குப் பிள்ளைகளின் முகத்தில் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி, ஆப்பிரிக்கர் என்று மேடையில் நிறுத்தினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர்களுள் ஒருவர்கூட ஆப்பிரிக்கர் அல்லர். அப்படி ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால் அந்த நாடகத்தை நடத்தியிருப்பேனா?

எர்ஜேக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். டின்டின் அடுத்துச் சீனாவுக்குப் போகிறான் என்று அறிவிக்கப்பட்டதும், அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லூவென் பல்கலைக்கழகத்தில் பயின்ற சீன மாணவர்களின் ஆன்ம குருவாகிய கோஸே அடிகளார். தம் மாணவர்கள் புண்படும்படி வரையவேண்டாம், முதலில் சீனாவை அறிந்துகொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. அதன் பயனாக 1934-இல் சாங் சோங்ரென் என்ற சீன மாணவர் எர்ஜேக்கு அறிமுகமானார். ஷாங்காய் நகரத்துக் கத்தோலிக்கர், பிரஸ்ஸல்ஸில் சிற்பம் பயின்றவர், எர்ஜேயின் வயதினர். ஞாயிறுதோறும் இருவரும் சந்தித்தார்கள். 'நீலத் தாமரை' என்ற அடுத்த கதையின் தெருச் சுவர்களில் காணும் சீன எழுத்துகள் சாங் தந்தவை. 1931-இல் ஜப்பானியப் படையினர் தாமே முக்டன் அருகே இருப்புப்பாதையில் வெடி வைத்துவிட்டு, சீனர்மேல் பழிபோட்டு மஞ்சூரியாவைப் பிடித்த சூழ்ச்சியை அக்கதை அம்பலப்படுத்தியது. அதில் டின்டின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் சிறுவனுக்குச் சாங் என்றே பெயர். ஓர் இனத்தார் மற்ற இனத்தாரைப் பற்றி நம்பும் மூடக் கதைகளை எண்ணி இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

ஆயினும் அதே கதையில் ஜப்பானியர் பல் துருத்திய கொடியவராகவே வரையப்பட்டார்கள். பின்பு, செருமானியர் ஆட்சியில் பெல்ஜியம் இருந்த 1941-42-இல், 'விண்மீன்' கதையில் பேராசைக்கார வங்கி முதலாளி ஒருவர் யூதப் பெயரோடும் யூதரை இகழும் உருவத்தோடும் வந்தார். 1942 ஆகஸ்டில் பெல்ஜியத்து யூதர்களை ஏற்றிய இரயில்கள் ஆவுஷ்விட்ஸ் நோக்கிப் புறப்பட்டன. போருக்குப்பின் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. நண்பனின் இனத்தை மதிக்கக் கற்றவர், நண்பர் இல்லாத இனத்தை மதிக்கத் தவறினார். நாமும் இப்படித்தான் அல்லவா?

பின்னாளில், 1958-59-இல் வெளிவந்த திபெத்துக் கதையில், தொலைந்துபோன சாங்கைத் தேடி டின்டின் பனிமலை ஏறுகிறான். புத்தத் துறவிகள் அவனுக்கு உதவுகிறார்கள். கதை முழுவதிலும் வில்லன் இல்லை. 2006-இல் தலாய் லாமா அக்கதைக்காக எர்ஜே அறக்கட்டளைக்கு விருது வழங்கிச் சிறப்பித்தார். பல்லாண்டு பிரிந்திருந்த சாங்கும் எர்ஜேயும் 1981-இல் பிரஸ்ஸல்ஸில் மீண்டும் சந்தித்தார்கள்.

அந்தத் தாயிடம் கொளுத்தவேண்டாம் என்றேன். தாள் எரிந்துபோகும், பிள்ளையின் மனத்தில் பதிந்த படம் எரியாது. சிறுவனை அருகில் அமர்த்திச் சொன்னேன்: "தம்பி, காங்கோவிலே கோடிக்கணக்கான கத்தோலிக்கர் இருக்கிறார்கள். அவர்கள் பாடியும் ஆடியும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் முறைக்கு 1988-இல் உரோமை ஒப்புதல் தந்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே முறையில் புனித பேதுரு பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார். இந்தப் படம் வரைந்தவர் அவர்களைப் பார்த்ததே இல்லை." சிறுவன் சற்று யோசித்து, "அப்படியானால் இது பொய்தானே, சாமி?" என்றான். ஆம் என்றேன். எட்டாம் கட்டளைக்கு நாவால் மட்டுமன்றி, எழுதுகோலாலும் தூரிகையாலும் மாறு செய்யலாம் என்பதை அவனுக்கு அதற்குமேல் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் படக்கதை படிக்கும்போதும் திரைப்படம் பார்க்கும்போதும் உடன் அமருங்கள். வேற்று நாட்டவரோ, வேற்று மதத்தவரோ, வேற்றுச் சாதியாரோ அதில் ஏளனமாகக் காட்டப்பட்டால், ஒரு கேள்வி கேளுங்கள்: 'அந்த வீட்டுப் பிள்ளை இப்போது நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நாம் சிரிப்போமா?' உங்கள் பங்குக்குரு மேடையில் தவறு செய்தாலும் அப்படியே கேளுங்கள். கோஸே அடிகளாரைப்போல் அன்போடு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு அன்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றியோடு ஏற்றிருப்பேன்.