தண்ணீர் சுமப்பவரைக் கேட்டு நடுங்கள்

ஈச்சிலம்பற்றில் புதுவீடு கட்டுவோர் இப்போது முற்றத்துக்கும் தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கும் புல், வாசலில் இரண்டு அலங்காரப் பனை, மிச்ச இடமெல்லாம் இன்டர்லொக் கல். அழகுதான். ஆனால் அந்தப் புல் கண்டிக்குப் பொருந்தும். அங்கே இரண்டு பருவக்காற்றும் மழை தருகின்றன. எமக்குப் பெரும்பாலான மழை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். பிறகு கச்சான் வீசும். கடலோர மணலோ ஈரத்தைப் பிடித்து வைக்காது.

ஜூலையில் அந்தப் புல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? செடி வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. மோட்டர் இல்லாத வீட்டில் பதில் எல்லோருக்கும் தெரியும்: உம்மாவும் பெண்பிள்ளைகளும்தான்.

மோட்டர் இருந்தாலும் ஆபத்து நீங்காது. கரையோரக் கிணறுகளில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து கிழக்குக் கரையின் கிணறுகளை உவராக்கியது. அதை நாமே மெல்லமெல்லச் செய்ய வேண்டுமா? முற்றம் முழுக்கக் கல் பதித்தால், நன்னீரை நிரப்பும் மழையும் ஒழுங்கைக்கு ஓடிவிடும்.

வேலிக்கு மருதோன்றி போதுமே! வரட்சியைத் தாங்கும், வெட்ட வெட்ட அடர்ந்து தழைக்கும், பெருநாளைக்குக் கடையில் கோன் வாங்கும் செலவும் மிச்சம். (கோனின் சிவப்பு வேறு, அரைத்த இலையின் சிவப்பு வேறு என்பது என் கட்சி.) நிழலுக்கு வேம்பு, உப்புக்காற்றுப் படும் பக்கம் பூவரசு, பூவுக்கு நித்தியகல்யாணி. குசினித் தண்ணீர் போகும் இடத்தில் வாழை.

ஆயுதங்களும் அதிகம் தேவையில்லை. புல்வெட்டும் இயந்திரத்தின் காசில் நல்ல மண்வெட்டி, அலவாங்கு, பூவாளி, கிளை வெட்டும் கத்தரி எல்லாம் வாங்கலாம். மண்வெட்டியை மட்டும் வாப்பா தனியே போய்த் தெரிவு செய்ய வேண்டாம். அதைப் பிடிக்கப்போகிற பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். பிடியின் நீளமும் பாரமும் அவளுக்குப் பொருந்த வேண்டும்.

குழியின் அடியில் தென்னம் பொச்சைப் புதைத்துவிட்டால் ஈரம் நிற்கும். மாரியின் முதல் மழையோடு நடுங்கள். கச்சான் தொடங்குமுன் வேர் ஆழம் போய்விடும்.