ஆள் எத்தனை?

போன வாரம் என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்டிராக்ட் வேலை. சம்பளம் கொடுப்பது கம்பெனி இல்லை, நடுவில் ஓர் ஏஜென்ட். செல்போனை என் முன்னால் நீட்டி, "தாத்தா, முதல் தடவை வேலைக்குச் சேர்றவங்களுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் பதினஞ்சாயிரம் தருதாமே, எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். எந்தத் திட்டம் வந்தாலும் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன்.

திட்டம் பெரியதுதான். 99,446 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு. முதல் முறை பி.எஃப்.பில் பதிவாகிறவனுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாக. முதலாளிக்கு, கூடுதலாகச் சேர்க்கிற ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு வருஷம். உற்பத்தித் தொழிலாக இருந்தால் நான்கு வருஷம். மூன்றரைக் கோடி வேலை என்று குறி வைத்திருக்கிறார்கள்.

"உனக்கு பி.எஃப். பிடிக்கிறாங்களா?" என்று கேட்டேன். "தெரியலை தாத்தா. கையில பன்னிரண்டாயிரம் குடுப்பாங்க" என்றான். சம்பளச் சீட்டு என்று ஒன்றை அவன் கண்ணால் பார்த்ததே இல்லையாம்.

எனக்கு அப்போதே ஒரு பழைய விண்ணப்பப் படிவம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நம் ஊருக்குத் தொழிற்சாலைகள் திரண்டு வந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் என்று பிப்டிக் மனை போட்டுக் கொடுத்தது. புதுத் தொழிலுக்கு ஐந்து வருஷம் விற்பனை வரி கிடையாது. சாலையைக் கடந்தால் தமிழ்நாடு, அங்கே வரி உண்டு. வராமல் இருப்பார்களா? அந்தச் சலுகைக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போயின. படிவத்தில் முதலீடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, இயந்திரம் எங்கிருந்து என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்: வேலைக்கு அமர்த்தப்படும் ஆட்கள் எத்தனை?

அதில் எழுதினதை நாங்கள் அப்படியே குறிப்பில் ஏற்றுவோம். 80, 120, 200. ஒருநாளும் யாரும் போய் எண்ணினதில்லை.

ஒரு தடவை மட்டும் வேறு ஒரு தபால் விஷயமாக ஒரு கம்பெனிக்குப் போக வேண்டி வந்தது. பெயர் வேண்டாம். படிவத்தில் 120 என்று போட்டிருந்தார்கள், அந்தக் கோப்பு எனக்கு மனப்பாடம். மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்களை என்னையறியாமல் எண்ணினேன். நாற்பதுக்கு மேல் தேறவில்லை. ஷிப்ட் இருக்கலாம், உள்ளே சிலர் இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆபீசுக்கு வந்து மேலே சொன்னபோது, "நம்ம செக்‌ஷன் வரி. ஆள் எண்றது வேற டிபார்ட்மென்ட்" என்று பதில் வந்தது. நானும் கோப்பில் எதையும் எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் சலுகை முடிந்தது. அடுத்த பொங்கலுக்குள் இயந்திரங்கள் லாரி ஏறிவிட்டன. அந்த மரத்தடியில் பார்த்த ஒருவரைப் பிறகு பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கக் கண்டேன். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவரைத் தெரியும்.

2000 ஜனவரி 1 முதல் இந்த மாதிரி விற்பனை வரிச் சலுகைகளை நிறுத்துவது என்று மாநிலங்கள் கூடி முடிவெடுத்தன. பிறகு வாட், 2017இல் ஜி.எஸ்.டி. மேட்டுப்பாளையத்தில் பூட்டின கேட்டுகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சலுகையே தப்பு என்று சொல்ல மாட்டேன். நான் படித்தது பிரெஞ்சு பள்ளியில். பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேரைப் பற்றி எங்கள் முசே ஒரு வாரம் பாடம் நடத்துவார். வெனிஸ்காரனிடம் கண்ணாடி வாங்கியே காசு கரைகிறது என்று, வெனிஸிலிருந்து ஆட்களையே வரவழைத்து 1665இல் அரசு சலுகையோடு கண்ணாடி ஆலை தொடங்க வைத்தார். அதுதான் பிற்பாடு சேன் கொபேன். இன்றைக்கு நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலும் கண்ணாடி வார்க்கிறது. சலுகை நிலைத்ததற்கு அது ஓர் உதாரணம். ஆனால் முசே சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தங்கள் நாட்டு நெசவைக் காப்பாற்ற 1686இல் பிரான்ஸ் இந்தியாவின் சாயத் துணிக்குத் தடை போட்டது. 1759 வரை நீடித்தது அந்தத் தடை. உள்நாட்டு உற்பத்தி என்கிற கொள்கைக்கு இன்னொரு முனையில் நிற்பவன் எப்படி இருப்பான் என்பது நம் ஊர் நெசவாளிக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும்.

நம் மில்களுக்கும் ஆரம்பத்தில் அரசு தூண்டுதல் உண்டு. சவானா மில் 1820களின் கடைசியில் வந்தது அப்படித்தான். ரோடியர் மில் 1898. அங்கே ஆள் கணக்கைக் கட்டத்தில் எழுத வேண்டியதில்லை, சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கும். என் அப்பா மில்லில் பாபின் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தவர். 1936 ஜூலை 30 அன்று போலீஸ் சுட்டுப் பன்னிரண்டு தொழிலாளிகள் செத்த கதையைச் சொல்லும்போது சோற்றில் கை வைக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. மில் வேலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, பஞ்சில் இருமியே போனார் அப்பா. ஆனால் அவர் பெயர் ஒரு பேரேட்டில் இருந்தது. அந்தப் பேரேட்டை வைத்துக்கொண்டு சண்டை போட முடிந்தது. கடைசியில் பழைய இயந்திரம், நஷ்டம், 2011 டிசம்பரில் தானே புயல். 2020 ஏப்ரல் 30 உடன் ஏ.எஃப்.டி. என்று நாம் சொல்லும் ரோடியரை அதிகாரபூர்வமாக மூடிவிட்டார்கள்.

இப்போதைய திட்டங்களுக்கு வருகிறேன். 2014இல் மேக் இன் இந்தியா. 2020இல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை, 14 துறைகளுக்கு 1.97 லட்சம் கோடி. செல்போனுக்கு, கூடுதலாக விற்ற தொகையில் 4 முதல் 6 சதவீதம். செல்போன் இங்கே தயாராகிறது, அதை மறுப்பது அநியாயம். ஆனால் அதில் அளவுகோல் விற்பனை, ஆள் இல்லை. புதுத் திட்டம் பி.எஃப். கணக்கை வைத்து ஆளை எண்ணுகிறது. அந்த மட்டில் எங்கள் காலத்துப் படிவத்தைவிட எவ்வளவோ மேல். எண்ணுகிறார்களே என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

என் கேள்வி ஐந்தாவது வருஷத்தைப் பற்றி. மாதம் 3,000 நின்ற பிறகு அந்த ஆள் அங்கே இருக்கிறானா என்று யார் பார்ப்பது? சலுகை வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் நேரடி ஆள் இத்தனை, கான்டிராக்ட் ஆள் இத்தனை என்று கேட்டுக்கு வெளியே பலகை எழுதி வைக்கட்டும். சலுகை முடிந்த மூன்று வருஷத்துக்குள் பூட்டினால் வாங்கினதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டட்டும். சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல், ஒரு கிளார்க்கை அனுப்பி எண்ணச் சொல்லட்டும். அவன் எழுதும் குறிப்பைக் கிழிக்காமல் இருந்தால் போதும். இவ்வளவு கெடுபிடி செய்தால் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார்கள் என்பார்கள். கெடுபிடியே இல்லாத காலத்திலும் போனார்களே!

ஞாயிற்றுக்கிழமை பையன் போன் செய்தான். ஏஜென்டைக் கேட்டானாம். "அதெல்லாம் கம்பெனி ஆளுங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாராம். கம்பெனியில் கேட்டால், "நீ எங்க ஆள் இல்லையே" என்கிறார்களாம். இரண்டு வருஷமாகத் தினமும் உள்ளே போய் வருகிறவன், எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த வியாழக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு பி.எஃப். ஆபீசுக்குப் போவதாக இருக்கிறேன். மனுவை நேற்று ராத்திரியே எழுதி வைத்துவிட்டேன், இரண்டு நகலோடு.