பள்ளிக்கூடத்தில் எதற்குக் கைவிலங்கு?

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் துப்பாக்கி வெடித்துவிட்டால், எல்லாப் பள்ளிகளிலும் போலீஸை நிறுத்துங்கள் என்ற குரல் சில நாள்களிலேயே கிளம்பிவிடும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, தேசியத் துப்பாக்கிச் சங்கம் ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வந்து சொன்ன யோசனை இதுதான். துப்பாக்கி வியாபாரத்தில் கை வைக்காத எந்த யோசனையும் அவர்களுக்கு நல்ல யோசனை, அவர்களை விடுங்கள். பிள்ளையைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு மாலை வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரும் இதையே நம்புகிறார்கள் என்பதுதான் கவலை. டெக்சாஸ் மாநிலம் 2023-இல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: ஒவ்வொரு பள்ளிக்கும் ஆயுதம் ஏந்திய ஒருவர்.

அந்தப் பெற்றோரின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நடந்ததைப் பாருங்கள்.

1999 ஏப்ரல் 20, கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. இந்த விவாதம் முழுவதற்கும் பிள்ளையார் சுழி போட்ட அந்தப் பள்ளியில், ஆயுதம் ஏந்திய அதிகாரி ஏற்கெனவே இருந்தார். பலருக்கு இது நினைவில் இல்லை. தாக்குதல் தொடங்கியபோது அவர் காரில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டபடி, மாணவர்கள் சிகரெட் பிடிக்கக் கூடும் இடத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். தகவல் வந்ததும் விரைந்தார், தூரத்திலிருந்து சுடவும் செய்தார், குண்டு படவில்லை. அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். 2018-இல் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேர் சாகும்போது, அந்தப் பள்ளியின் அதிகாரி கட்டடத்துக்குள் நுழையவே இல்லை. 2022-இல் டெக்சாஸின் யுவால்டேயில் பள்ளி மாவட்டத்துக்கென்றே தனிப் போலீஸ் துறை இருந்தது. கடைசியில் அங்கே திரண்டவர்கள் 376 பேர். கொலையாளியை நெருங்க அவர்களுக்கு 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளித் துப்பாக்கிச் சம்பவங்களை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021-இல் வந்தது. மற்ற காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும், ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு விகிதம் மூன்று மடங்கை நெருங்கியது. காவலர் இருந்ததால்தான் செத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. காவலரைக் கண்டு கொலையாளி பின்வாங்குவான் என்றும் சொல்ல முடியாது. சாகத் துணிந்து வருகிறவனை எதைக் காட்டி மிரட்டுவது? 2024-இல் ஜார்ஜியாவின் அபலாச்சி பள்ளியில் அதிகாரிகள் எதிரே வந்ததும் சுட்டவன் சரணடைந்தான் என்பது உண்மை. அதற்கு முன்பே நான்கு பேர் போய்விட்டார்கள்.

சரி, தடுக்காவிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. என் சண்டை உண்மையில் இவர்களோடுதான். பெரும்பாலான பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு என்பது ஒருநாளும் நடப்பதில்லை. போலீஸ்காரரோ தினமும் அங்கே இருக்கிறார். அவருக்கு ஏதாவது வேலை வேண்டுமே!

ஜார்ஜியாவின் கிளேட்டன் கவுன்டியில் 1990-களின் நடுவில் பள்ளிகளுக்குப் போலீஸ் வந்தது. அதுவரை ஆண்டுக்கு ஐம்பதைத் தொடாமல் இருந்த பள்ளி வழக்குகள் பத்தே ஆண்டுகளுக்குள் ஆயிரத்தைத் தாண்டின. கைகலப்பு, வகுப்பில் கலாட்டா, வாய்த்துடுக்கு என்று பெரும்பாலும் சில்லறை விவகாரங்கள். ஹெட்மாஸ்டர் அறையில் முடிய வேண்டியவை. சிறார் நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் டெஸ்கே பார்த்துப் பார்த்துச் சலித்து, 2004-இல் பள்ளிகளையும் போலீஸையும் உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் போட்டார். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை பயிற்சி வகுப்பு, அதற்குப் பிறகுதான் கோர்ட். வழக்குகள் சரிந்தன, படிப்பை முடிப்பவர்கள் கூடினார்கள். பார்த்தீர்களா, விதிகளை ஒழுங்காகப் போட்டால் போலீஸ் இருக்கலாம் என்று இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். போலீஸ்காரர் போலீஸ் வேலை செய்யாமல் இருந்தால்தான் பள்ளிக்கு நல்லது என்றால், அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆளை எடுக்கக் கூடாதா?

2015 அக்டோபரில் தென் கரோலினாவின் ஒரு பள்ளியில், வகுப்பில் போனை எடுத்த ஒரு கறுப்பின மாணவி வெளியே போக மறுத்தாள். வரவழைக்கப்பட்ட அதிகாரி அவளை நாற்காலியோடு பின்பக்கமாகக் கவிழ்த்துத் தரையில் இழுத்துப்போனார். இது என்ன அநியாயம் என்று கத்திய சக மாணவியும் கைதானாள். இருவர் மேலும் விழுந்த குற்றச்சாட்டு, பள்ளியின் அமைதியைக் குலைத்தது!

சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் ‘போலீஸ் மாமா வந்து பிடிச்சிட்டுப் போயிடுவார்’ என்று நம் வீடுகளில் பயமுறுத்துவார்கள். ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் 2019 செப்டம்பரில் நிஜமாகவே வந்தார். அடம்பிடித்து அழுது பள்ளி ஊழியரை உதைத்த ஆறு வயதுச் சிறுமி அவள். போலீஸ் வந்தபோது அழுகை ஓய்ந்து, அலுவலகத்தில் ஒருவர் கதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளில் பிளாஸ்டிக் விலங்கைப் பூட்டி, போலீஸ் காரில் ஏற்றிப் போனார்கள். அதிகாரியின் வேலை போனது. 2021-இல் அந்த மாநிலம் கைதுக்கு ஒரு குறைந்தபட்ச வயதை நிர்ணயித்தது. ஏழு!

இந்தக் கைதுகள் எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழுவதும் இல்லை. கறுப்பின மாணவர்கள் மொத்தத்தில் 15 சதவீதம் அளவில்தான். 2017-18 கல்வியாண்டில் போலீஸிடம் அனுப்பப்பட்டவர்களில் அவர்கள் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்த அதிகாரி பிள்ளைகளோடு கூடைப்பந்து ஆடுகிறார், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், நல்ல மனிதர் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு பையன் மனம்விட்டுச் சொல்வது நாளைக்கு வழக்குக் குறிப்பில் ஏறலாம். இதே வேலையைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் நர்சுகளும் இருக்கிறார்கள், பல பள்ளிகளில்தான் இல்லை. போலீஸ் உண்டு, ஆலோசகரோ நர்சோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இல்லை. இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரு கோடியே 40 லட்சம் மாணவர்கள் படித்ததாக அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கம் 2019-இல் கணக்குக் காட்டியது.

எதிர்த்தரப்பு கடைசியாக நீட்டும் சீட்டு டென்வர். ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பின், 2020-இல் அந்த நகரப் பள்ளி வாரியம் பள்ளிகளிலிருந்து போலீஸை விலக்க முடிவெடுத்தது. 2023 மார்ச்சில் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் 17 வயது மாணவன் ஒருவன் இரண்டு நிர்வாகிகளைச் சுட்டான், இருவரும் பிழைத்தார்கள். தினமும் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்த மாணவன் அவன். அவன் உடம்பில் துப்பாக்கி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலையை நிர்வாகிகள் தலையில் கட்டியது பெரிய தப்பு. அதற்குப் போலீஸைக் கூப்பிட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த ஒருவன் விஷயத்தில் சறுக்கியதற்குப் பரிகாரமாக நகரத்தின் மற்றப் பெரிய உயர்நிலைப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் போலீஸைத் திரும்ப அழைத்தது வாரியம். அந்த மார்ச்சில் ஈஸ்ட் பள்ளி மாணவர்களே மாநிலச் சட்டமன்றத்துக்குத் திரண்டு போய்க் கேட்டதோ துப்பாக்கிக் கட்டுப்பாட்டை.